சேலைக் கணக்கு

லோகநாதன் அண்ணனோடு நான் பேச்சை நிறுத்தி அன்றைக்கு ஏழு மாதம். ஒரே கூத்து ஜமாவில் இருந்துகொண்டு, ஒரே வேனில் ஏறி இறங்கி, ஒரே மேடையில் ஆடிக்கொண்டு அது எப்படி முடியும் என்று கேட்பவர்களுக்கு என் குணம் தெரியாது. கூத்தில் பேச வேண்டிய வசனத்தை ஒன்று விடாமல் பேசுவேன். கூத்து முடிந்தால் வாய்க்குப் பூட்டு. "டீ வேணுமா" என்று அவர் கேட்டால்கூட ஆர்மோனியம் வாசிக்கிற பென்னியைப் பார்த்து, "வேணாம்னு சொல்லு" என்பேன். காலையில் சர்ச்சில் வாசித்துவிட்டு மாலையில் எங்களுக்கு வாசிக்கிற பென்னி, "ஏக்கா, ரெண்டு சாமிய சமாளிச்சிர்லாம், உங்க ரெண்டு பேர சமாளிக்க முடியல" என்று தலையில் கை வைத்துக்கொள்வான்.

எங்களுடையது பெரும்பாக்கம் ஏரிக்கரைக் கூத்து ஜமா. லோகநாதன் அண்ணன்தான் வாத்தியார். ஜமாவை நடத்துகிறவர், பாட்டு கட்டுகிறவர், முக்கிய வேஷம் போடுகிறவர், எல்லாம் அவர்தான். நாங்கள் ஆடுவது மதகுநாச்சி கூத்து. பெருமழையில் ஏரி உடையப் பார்க்கிறது. மதகைக் காக்கிற நாச்சி கரையில் போய் நின்று இரண்டு கைகளையும் விரிக்கிறாள். அந்த விரித்த கைதான் கரை. வெள்ளராசன் வந்து அவள் சேலையைப் பிடித்து இழுக்கிறான். ஒரு சேலை போனால் ஒரு மதகு போனது என்று பொருள். இழுக்க இழுக்க உள்ளே இன்னொரு சேலை இருக்கும். கடைசிச் சேலையில் வெள்ளம் களைத்து விழுந்துவிடும், ஏரி பிழைக்கும். நான் நாச்சி. அண்ணன் வெள்ளராசன். நாச்சியின் கை இறங்கினால் கரை உடைந்த மாதிரி. அந்த வருஷம் ஏரி நிற்காது என்று எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் நம்புகிறார்கள். அதனால் தலையே போனாலும் நாச்சி கையை இறக்கக் கூடாது.

நான் வேஷம் கட்ட வந்தவளே இல்லை. ஜமாவின் சேலைகளைத் துவைத்து மடித்துக் கொடுக்க வந்தவள். அப்போதெல்லாம் பக்தவச்சலம் மாமாதான் நாச்சி. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் கேளம்பாக்கத்தில் கூத்து. மாமா பொத்தேரியிலிருந்து வர வேண்டும். ஜி.எஸ்.டி. ரோட்டில் தண்ணீர் நின்று பஸ் நகரவில்லை. ஊரே உட்கார்ந்திருக்கிறது. பாட்டு அத்தனையும் எனக்கு மனப்பாடம் என்று தெரிந்த அண்ணன், "சரசு, நீ கட்டு" என்றார். கட்டினேன். முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் கூத்து முடிந்ததும் அண்ணனிடம் வந்து, "யார்பா அந்த ஆளு? அச்சு அசலா பொம்பள மாதிரியே கீறானே!" என்று கேட்டிருக்கிறார். அண்ணன் இரண்டு நாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "உன்ன ஆம்பளன்னு நெனச்சிட்டாங்க சரசு. அதான் நடிப்பு" என்றார். எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. பிறகு மாமாவுக்கு முட்டி போனது, வேஷம் எனக்கே நிலைத்தது.

அப்படிச் சொன்ன வாயால்தான் ஏழு மாதம் முன்பு வேறொன்றும் சொன்னார். யூடியூபுக்குப் படம் எடுக்க வந்த ஒருவன் மைக்கை நீட்டி, உங்கள் ஜமாவில் பெண்ணே பெண் வேஷம் போடுகிறாராமே என்று கேட்டான். அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார்: "பொம்பள வேஷத்த பொம்பளயே கட்னா அதுல இன்னா வேஷம் கீது? ஆம்பள கட்னாதான் அது வேஷம்." நாங்கள் இருக்கிற குடியிருப்பின் லிஃப்டில் எதிர்வீட்டு செல்வமேரி அதை எனக்குப் போட்டுக் காட்டினாள். எட்டு மாடியும் பார்த்திருந்தது. பத்தொன்பது வருஷம் நான் செய்தது என்ன, குளித்துத் தலை வாரிக்கொண்டு மேடையில் போய் நின்றதா? வயிறு எரிந்தது. அன்றைக்குப் போட்ட பூட்டுதான்.

இனி சேலைக் கணக்கைச் சொல்ல வேண்டும். கோயில் கூத்துக்கு ஏழு சேலை. ஆறு போகும், ஏழாவது நிற்கும். மண்டபத்தில் ஆடினால் நேரத்துக்குத் தக்கபடி ஒன்பதும் கட்டுவேன், ஐந்தும் கட்டுவேன். எத்தனை என்பது கட்டுகிறவளுக்கும் இழுக்கிறவருக்கும் மட்டும்தான் தெரிய வேண்டும். பென்னிக்குக்கூடத் தெரியக் கூடாது. அதைச் சொல்வதற்கும் ஓர் இடம் உண்டு. சேலையைத் தொடுவதற்கு முன்னால் வெள்ளராசன் கற்பூரம் ஏற்றி, நாச்சியின் காலில் விழுந்து, "தாயே, பொறுத்துக்கோ" என்று கேட்பான். நாச்சி குனிந்து அவன் நெற்றியில் விபூதி வைத்து "ஆகட்டும்" என்பாள். அந்தச் சொல் வராமல் சேலையில் கை வைக்க முடியாது. பார்க்கிறவர்களுக்கு அது பக்தி, எங்களுக்குத் தொழில். குனிகிற அந்த நேரத்தில்தான் அவர் காதில் எண்ணைச் சொல்வேன். ஏழு மாதமாக அந்த மனுஷனிடம் நானாகச் சொன்ன ஒரே சொல் அந்த எண்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சேலையூரில் ஆட்டம். குடியிருப்போர் கலாமன்றம் ஒன்றின் ஆண்டு விழா, பள்ளிக்கூட அரங்கம், ஏ.சி., மெத்தை நாற்காலி, சாயங்காலம் நாலு மணி. மன்றத்துச் செயலாளர் ஸ்ரீரங்கன் பேங்கில் இருந்து ரிட்டையர் ஆனவர். நல்ல மனுஷர், ஆனால் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் ஒரு வாக்கியம் முடிக்க மாட்டார். பெண்கள் அறைக் கதவைத் தட்டிவிட்டு வெளியே நின்றபடியே சொன்னார்:

"அம்மா, மொத்தமே ஒண்ணேகால் மணி நேரம்தான். அந்தச் சேலை சீன் ஆறு நிமிஷத்துல முடியணும். அடுத்து பரிசளிப்பு இருக்கு, சீஃப் கெஸ்ட் ஃப்ளைட் பிடிக்கணும்."

ஆறு நிமிஷத்துக்கு ஐந்து சேலை போதும் என்று நானே முடிவு செய்தேன். மஞ்சளை முதலில் கட்டினேன். கடைசியாக நிற்கிற சேலை எப்போதும் மஞ்சள்தான். அதற்கு மேல் அரக்கு, காவி, பச்சை, வெளியே சிவப்பு. எதற்கும் ஊக்கு கிடையாது, இழுக்கிறவர் கை கிழியும். பக்தவச்சலம் மாமா உள்ளே அரைக்கால் சட்டை போட்டிருப்பார். ஒருமுறை கணக்குத் தப்பிச் சட்டையோடு நின்றார். ஊரே சிரித்தது, அவரும் சிரித்தார், அத்தோடு சரி. எனக்கு உள்ளே இருப்பது பாவாடையும் ரவிக்கையும். நான் அப்படி நின்றால் யாரும் சிரித்துவிட்டுப் போக மாட்டார்கள். வீடு போய்ச் சேருவதற்குள் எட்டு மாடிக்கும் வீடியோ வந்திருக்கும். கூத்தாடப் போகிறவள் என்று ஏற்கெனவே பேசுகிற வாய்களுக்கு அது ஜென்மத்துக்கும் போதும்.

இடைவழியில் அண்ணன் கிரீடம் கட்டிக்கொண்டிருந்தார். அவரைத் தாண்டித்தான் போனேன். 'இன்று ஐந்து' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாய் வரவில்லை. முறைப்படி கற்பூரத்தின்போது சொல்லிக்கொள்ளலாம் என்று முறையின் மேல் பழியைப் போட்டுவிட்டு நடந்தேன். உண்மை என்னவென்றால் ரோஷம். பென்னிதான் அவரைக் கேட்டான்:

"இன்னா வாத்தியாரே, கன்னத்துல பிளாஸ்திரி?"

"மைக்காம்பா. பேஜார் புடிச்ச மைக்கு. மூச்சு வுட்டாகூட கடேசி சீட்டு வரைக்கும் கேக்குதாம்."

என் கன்னத்திலும் ஒன்றை ஒட்டியிருந்தார்கள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கூத்து நன்றாகவே தொடங்கியது. நானூறு பேர் இருப்பார்கள். மழை பிறந்தது, ஏரி நிறைந்தது, நான் கரைக்குப் போக வேண்டிய கட்டம். அண்ணன் மேடையில் வெள்ளராசனாக முழங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது, குரல் மட்டும் இருபத்தெட்டு. நான் திரையோரம் நின்று, விபூதிக் கிண்ணம் எங்கே என்று பார்த்தேன். இல்லை. ஸ்ரீரங்கன் சார் கிசுகிசுத்தார்:

"கற்பூரம் கிடையாதும்மா. ஹால்ல நெருப்பு அலவுட் இல்ல, அலாரம் அடிச்சிடும். அந்த மன்னிப்புக் கேக்கற பார்ட்டையே கட் பண்ணிட்டோம். மூணு நிமிஷம் மிச்சம். வாத்தியார்கிட்ட அப்பவே சொல்லிட்டேனே, அவர் சரின்னுட்டார்."

"எங்கிட்ட ஏன் சார் சொல்லல?"

"அவர் உங்ககிட்ட சொல்லிடுவார்னு நெனச்சேன்."

சொல்லிவிடுவார்! யாரிடம்? பேசாத வாயா பேசாத வாயிடம் சொல்லும்? அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஒரு நடை வந்து 'எத்தினி' என்று கேட்கவில்லை. போன மூன்று ஆட்டமும் ஏழு. இதையும் ஏழு என்றே வைத்துக்கொண்டிருப்பார். ஆறு சேலையை இழுப்பார். என் மேல் இருப்பதே ஐந்து.

மத்தளம் என்னைக் கூப்பிட்டது. போகாமல் நிற்க முடியாது. மேடையில் காதோடு காதாகச் சொல்லிவிடலாம் என்றால் கன்னத்தில் மைக். நானூறு பேருக்கும் கேட்கும். நாச்சியின் சேலை தானாக வளரவில்லை, எண்ணிக் கட்டியது என்று நாச்சியே சொன்ன மாதிரி ஆகிவிடும். பரவாயில்லை, மஞ்சளைப் பார்த்தால் நின்றுவிடுவார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். முப்பது வருஷம் வெள்ளராசன் கட்டுகிறவருக்கு மஞ்சள் தெரியாமல் போகுமா? கரையில் ஏறி நின்றேன். கைகளை விரித்தேன்.

அப்போது அரங்கமே நீலமானது.

விளக்குகளை இயக்குகிற பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தது ஸ்ரீரங்கன் சாரின் மாப்பிள்ளை அனிருத். வெள்ளக் காட்சிக்கு ஒரு எஃபெக்ட் வைத்திருக்கிறேன் என்று காலையில் பெருமையாகச் சொல்லியிருந்தான். இதுதான் அது. சுத்தமான நீலம், வேறு ஒரு வெளிச்சமும் இல்லை. நான் என் சேலையைக் குனிந்து பார்த்தேன். சிவப்பு கறுப்பாக இருந்தது. கொசுவத்தின் ஓரத்தில் தெரிந்த பச்சையும் கறுப்பு. அடியில் மஞ்சளும் இந்த வெளிச்சத்தில் கறுப்பாகத்தான் தெரியும்.

"ஏ நாச்சி! வழி விடு!" என்று அண்ணன் முந்தானையைப் பிடித்தார். கேட்காமல், ஆகட்டும் வாங்காமல், பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாகப் பிடித்தார். அவருக்கும் அது கூசியிருக்க வேண்டும், விரல் ஒரு நொடி தயங்கியது. பிறகு இழுத்தார். நான் சுழன்றேன். முதல் சேலை போனது. சுற்றிலும் பார்க்கிறேன், ஃபோன்கள் எழும்பிவிட்டன. வரிசைக்குப் பத்து.

சுழலும்போது அவர் கண்ணைத் தேடினேன். கிரீடத்து நிழலில் கண்ணே தெரியவில்லை. ஐந்து விரலைக் காட்டலாம் என்று தோன்றியது. விரித்த கையில் எப்போதும் ஐந்து விரல்தானே இருக்கிறது, அதில் அவர் என்ன கண்டுபிடிப்பார்! இரண்டாவது போனது. கூட்டம் கை தட்டியது. பின்பாட்டுக்காரர்கள் சுருதியை ஏற்றிக்கொண்டே போனார்கள். கையை இறக்கி இடுப்பைப் பிடித்துக்கொள், அவ்வளவுதான் என்று ஒரு மனம் சொன்னது. பிடித்துக்கொண்டால் நான் தப்பிப்பேன், நாச்சி செத்துப்போவாள். 'பாத்தியா, பொம்பளன்னா வெக்கம் வந்துருச்சி, கைய எறக்கிட்டா' என்று அதையும் யாராவது மைக்கில் சொல்வார்கள். மூன்றாவது போனது.

கை இறங்காது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். பயந்தேன் என்பது உண்மை. அதை நானே சொல்லிவிடுகிறேன், வேறு யாரும் சொல்ல வேண்டாம்.

நான்காவது கழன்றது. என் மேல் மஞ்சள் மட்டும். அண்ணன் இரைத்துக்கொண்டே உருவின சேலையை ஓரமாக வீசிவிட்டுத் திரும்பினார். முந்தானையைப் பிடித்தார். வழக்கமான பிடிதான், நிற்கிற பிடி இல்லை. ஓர் இழுப்பு. தோளைவிட்டு இறங்கிவிட்டது. நான் சுழலாமல் காலை ஊன்றி நின்றேன். நடிப்பின் வேகத்தில் இருந்தவருக்கு அது எதிர்ப்பாகத்தான் பட்டிருக்கும். இன்னும் பலமாக இழுப்பதற்காகக் கையில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டார். அடுத்த இழுப்பில் கொசுவமும் வந்துவிடும்.

நாச்சிக்கு அந்த இடத்தில் பாட்டு கிடையாது. கடைசிச் சேலை நின்ற பிறகுதான் 'ஏழு மதகடா என் ஏரிக்கு' என்று அவள் எடுப்பாள். நான் அப்போதே எடுத்தேன். பின்பாட்டின் மேலேயே ஏறி, தொண்டை கிழிய எடுத்தேன்.

"ஏழு மதகு இருந்தது முன்னே,
இரண்டைத் தூர்த்து வீடு கட்டினார்!
மிச்சம் கிடப்பது ஐந்தே, வெள்ளமே,
நாலை உடைத்தாய், நிறுத்தடா கையை!"

ஆர்மோனியம் தடுமாறி நின்றது. பின்பாட்டும் நின்றது. இப்படி ஒரு அடி எங்கள் கூத்திலேயே கிடையாது. பென்னி ஒரு நொடி என்னைப் பார்த்தான், பிறகு என் சுருதியைத் தேடிப் பிடித்தான். அரங்கத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர் டிசம்பர் வெள்ளத்தில் கட்டிலை மாடிக்குத் தூக்கியவர்கள். எந்த மதகின் மேல் யார் வீடு என்று அவர்களுக்குத் தெரியாதா? எங்கோ பின்னால் ஒருவர் மட்டும் கசப்பாகச் சிரித்தார்.

நான் அவர்களைப் பார்க்கவில்லை. அண்ணன் கையைப் பார்த்தேன். அது நின்றிருந்தது. அவர் உதடு அசைந்தது. எண்ணுகிறார் என்று புரிந்தது. தரையில் கிடந்த சேலைகளைத் திரும்பிப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. பிறகு தன் கையில் சுற்றியிருந்ததைக் கண்ணுக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். மாவு பூசின முகத்தில் அவர் வாய் திறந்தபடி அப்படியே இருந்தது. அத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் மேடையில் பயந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன்.

அந்த இடத்தில் வெள்ளராசன் களைத்துச் சாய வேண்டும், திரை விழ வேண்டும். அவர் சாயவில்லை. கையில் சுற்றியதை மெதுவாக அவிழ்த்தார். முந்தானையை விட்டால் சரிந்துவிடும் என்று தெரிந்து, நுனியை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு முட்டி போட்டார். கிரீடம் என் பாதத்தில் இடித்தது. கற்பூரம் இல்லை, தட்டு இல்லை.

"தாயே, பொறுத்துக்கோ" என்றார்.

ஆட்டத்தின் முதலில் வர வேண்டியது கடைசியில் வந்தது. கேட்டுவிட்டால் நாச்சி பதில் சொல்லியாக வேண்டும். ஆகட்டும் வராமல் வெள்ளராசன் எழுந்திருக்க முடியாது. ஸ்ரீரங்கன் சார் திரையோரத்திலிருந்து கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டினார். சீஃப் கெஸ்டுக்கு ஃப்ளைட். பறக்கட்டும். எனக்கு ஏழு மாதமாக நெஞ்சில் கிடந்தது மொத்தமும் தொண்டைக்கு வந்தது. கைகளை விரித்தபடியே, குனியாமல், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டேன்.

"பொம்பள கட்னா வேஷமே இல்லன்னியே. இது இன்னாது அண்ணா?"

கேட்ட பிறகுதான் கன்னத்து மைக் ஞாபகம் வந்தது. என் கேள்வி அரங்கத்தின் கடைசிச் சுவர் வரை போய்த் திரும்பி வந்தது. நானூறு பேரும் கேட்டார்கள். ஃபோன்களும் கேட்டன. பென்னி ஆர்மோனியத்தின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். இது கூத்தா நிஜமா என்று தெரியாமல் முன்வரிசையே முன்னால் நகர்ந்து உட்கார்ந்தது.

அண்ணன் தலையைத் தூக்கவில்லை. அவருக்கும் மைக் இருக்கிறது, அவருக்கும் தெரியும். சத்தம் போட்டு வசனம் பேசித் தப்பித்திருக்கலாம், வாய் சாமர்த்தியம் உள்ளவர். அவர் மூச்சு வாங்குவது மட்டும் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தது. என் தோள் இரண்டும் வலிக்கத் தொடங்கின.

"வேஷந்தான் தாயே" என்றார். "தெரியாம சொல்ட்டேன்."

நான் கொஞ்ச நேரம் அவரை அப்படியே இருக்க விட்டேன். உடனே பொறுத்துவிட அவ்வளவு பெரிய மனசெல்லாம் எனக்கு இல்லை.

"ஆகட்டும்" என்றேன். அதன் பிறகுதான் கையை இறக்கினேன்.